காதர்பேட்டையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு செகண்ட்ஸ் கடை

பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு எப்படி விமர்சனம் எழுதுவது என்று ரெண்டு வாரமாக யோசித்தேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, கடை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, நான் எண்ணிக் கொடுத்த 1,400 ரூபாய் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இடம் திருப்பூர் காதர்பேட்டை. ரயிலில் வந்தால் ஆட்டோ வேண்டாம், நடந்தே போய்விடலாம். பனியன் மூட்டை ஏற்றிய டெம்போக்களுக்கு நடுவில் நெளிந்து உள்ளே போனால், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆரம்பித்துப் பின்பக்கமாக ரயில் பெட்டி மாதிரி நீளும் கடை அது. "அட்டையில எழுதி வெச்சிருப்பாருங்களே, அந்தக் கடை" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

காதர்பேட்டைக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்றுமதிக்குத் தைத்து ஏதோ ஒரு காரணத்தால் கப்பல் ஏறாமல் போன துணி எல்லாம் வந்து சேரும் இடம் அது. கேரளாக்காரர்கள் வருவார்கள், கர்நாடகத்திலிருந்து வருவார்கள், ஆப்பிரிக்க வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். வாசலுக்கு வாசல் ஒரே பாட்டு: "எக்ஸ்போர்ட் சர்பிளஸ்ங்க்கா, உள்ள வந்து பாருங்க்கா." இந்த சர்பிளஸ் என்ற சொல் இருக்கிறதே, அதைப் போல ஒரு போர்வை உலகத்திலேயே கிடையாது. நிஜமான சர்பிளஸ் என்றால் என்ன? பத்தாயிரம் பீஸ் ஆர்டர் வந்தால், தையலில் கெட்டுப்போவதற்கு என்று சில சதவீதம் கூடுதலாகவே வெட்டுவார்கள், அதில் கெடாமல் தப்பித்து மிஞ்சியது சர்பிளஸ். அது நல்ல துணி, கப்பலில் போனதற்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. ஸ்டாக் லாட் என்பது வேறு, ஆர்டர் கொடுத்தவரே கைவிட்ட சரக்கு. 2020 கொரோனா நேரத்தில் வெளிநாட்டு பையர்கள் வரிசையாக ஆர்டரை ரத்து செய்தபோது கோடவுன் கோடவுனாக நின்றது. அதுவும் நல்ல துணிதான், நாள் மட்டும் தவறிவிட்டது. செகண்ட்ஸ் என்பது குறை உள்ளது, ஆனால் போட்டுக்கொள்ளலாம். ரிஜெக்ட் என்பது பையரோ அவருடைய ஆளோ பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. டேமேஜ் என்றால் டேமேஜ். இந்த ஐந்தையும் ஒரே மூட்டையில் கட்டி மேலே சர்பிளஸ் என்று எழுதிவிட்டால் வாங்குகிறவருக்கு என்ன தெரியும்?

எனக்குக் கொஞ்சம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். தலைக்கு மேல் ரெண்டு டியூப் லைட், முன்னால் வெள்ளை மேசை, இடது கைப்பக்கம் மலை மாதிரி டீசர்ட். ஒன்றை எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கை, கழுத்துப்பட்டி, அப்புறம் திருப்பிப் போட்டு உள்தையல், பிசிறு இருந்தால் வெட்டு, ஒரு பீஸுக்கு அரை நிமிஷம். குறை கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர். விரல் நகம் அளவுதான் இருக்கும். அம்பு வைத்தது சரிசெய்ய முடிந்தால் ஆல்டர், எண்ணெய்க் கறை என்றால் அதைப் போக்கும் மருந்தைக் கன்னால் பீய்ச்சி அடிக்கும் ஆளிடம், ரெண்டும் முடியாது என்றால் ரிஜெக்ட் பெட்டி. அங்கே போட்டதோடு என் வேலை முடிந்தது. அந்தப் பெட்டி அப்புறம் எங்கே போகிறது என்று அந்த மூன்று வருஷமும் நான் கேட்டதே இல்லை.

இந்தக் கடையில் போய் முதல் பெட்டியில் கை விட்டு ஒரு டீசர்ட்டை எடுத்தால், அதில் அந்த சிவப்பு அம்பு அப்படியே இருக்கிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டு வருஷம் கழித்து யாரோ ஒரு பெண் நகத்தால் உரித்து ஒட்டிய அம்பு, குறை இங்கேதான் என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. மற்ற கடைகளில் முதல் வேலையாக அதைத்தான் பிய்ப்பார்கள். "ஏனுங்கண்ணா, ஸ்டிக்கரை எடுக்கலீங்களா?" என்றேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், மடித்துக் கட்டிய வேட்டி, காதில் பேனா. "எடுத்துட்டா நீங்க தேடணுமுங்களே அம்மிணி" என்றார்.

சரி, அட்டைகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு பெட்டி மேலும் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவில் ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறார். சுத்தம், மச்சம், மொட்டை, ஜோடி மாறுனது, முறுக்கு, ஓட்டை. அவ்வளவுதான், ஆறு சொல். இதெல்லாம் காதர்பேட்டை முழுக்கப் புழங்குகிற சொல் இல்லை, இவர் வைத்துக்கொண்டது. தோட்டக்காரக் குடும்பமாம், அப்பா காலத்தில் கடலை போட்டவர்களாம். கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்தது. விளைச்சலில் கெட்டதற்கு நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். நெல்லில் பதர், கடலையில் பொக்கு, மாம்பழத்தில் வெம்பல், கத்தரிக்காயில் சொத்தை, முட்டையில் கூமுட்டை. ஒவ்வொன்றும் எது, எப்படிக் கெட்டது என்பதைச் சேர்த்தே சொல்லிவிடும். பொக்குக் கடலையை யாரும் சொத்தைக் கடலை என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே பருப்பே இல்லாதது வேறு, பூச்சி விழுந்தது வேறு. பனியனுக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே டேமேஜ். கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் முப்பது நாற்பது பெயர் இருக்கும், அது கம்பெனியோடு நின்றுவிடும், தெருவுக்கு வரும்போது டேமேஜ் என்ற ஒரே ஒரு சொல்தான் வரும். அந்த இடைவெளியில்தான் வாங்குகிறவர் ஏமாறுவது. இவர் அதை ஆறு அட்டை வைத்து அடைத்திருக்கிறார்.

மச்சம் பெட்டிதான் எனக்குப் பிடித்தது, ஒன்று 90 ரூபாய். சின்னப் புள்ளி, கறுப்பு எண்ணெய்த் துளி, ஓர் இடத்தில் மட்டும் தடித்த நூல், இதெல்லாம் மச்சம். கருநீல டீசர்ட்டில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு கீற்று இருந்தது. என் பெண் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை என்றாள். போகாது. பஞ்சு மூட்டையின் பிளாஸ்டிக் சாக்கிலிருந்து பிரிந்த இழை பஞ்சோடு கலந்து நூலாகிவிடும், பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறவே ஏறாது, வெள்ளைத் துணியாக இருக்கும்வரை கண்ணுக்கும் தெரியாது, சாயம் போட்டு எடுத்த பிறகுதான் பல்லைக் காட்டும். நூற்பாலையில் பெண்கள் உட்கார்ந்து பஞ்சிலிருந்து இதைப் பொறுக்குவதே ஒரு வேலை. அப்படியும் தப்பி வந்த ஓர் இழைக்காக ஒரு டீசர்ட் கப்பல் ஏறவில்லை. இது துவைத்தால் பெரிதாகாது, கிழியாது, அடுத்தவருக்குத் தெரியவும் தெரியாது. மச்சம் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துக்கொண்டே நான்கு எடுத்தேன். "மச்சம் இருந்தா ராசிதானுங்க" என்று அவர் வேறு சொல்லிவிட்டார். வியாபாரப் பேச்சுதான், இருந்தாலும் சிரிப்பு வந்தது.

ஜோடி மாறுனது 70 ரூபாய். உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். பளிச்சென்று தெரியாது, அரைப்படி வித்தியாசம். ரெண்டு வேறு சாயத் தொட்டியில் போட்ட ரோல்களைக் கலந்து வெட்டிவிட்டால் இப்படி வரும், ஒரே தொட்டியில் போட்டாலும் உடம்புத் துணியும் கழுத்துப் பட்டிக்கான ரிப்பும் வேறு வேறு பின்னல் என்பதால் சாயம் ஒரே மாதிரி தெரியாது. இதில் ஒரு குசும்பு உண்டு. டியூப் லைட்டுக்குக் கீழே ரெண்டும் ஒன்றாகத் தெரியும், வெயிலுக்கு வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கம்பெனிகளில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், பகல் வெளிச்சத்துக்கு டி65 என்று ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று ஒரு விளக்கு, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க. இங்கே லைட் பாக்ஸ் எல்லாம் இல்லை, "வாசல்ல போயி பாத்துட்டு வாங்க கண்ணு" என்று என் பெண் கையில் துணியைக் கொடுத்து அனுப்பினார். காசு வாங்காத துணியை வாசலுக்கு அனுப்புகிற கடைக்காரரை நான் பார்த்தது இதுதான் முதல்முறை. அவள் பார்த்துவிட்டு, கை இன்னும் கொஞ்சம் மாறியிருந்தால் ஸ்டைலாக இருந்திருக்கும் என்றாள். ரெண்டு எடுத்தோம்.

முறுக்கு என்றால் தெரியாதவர்களுக்கு: டீசர்ட்டை நாலு தடவை துவைத்ததும் பக்கத் தையல் மெதுவாகத் திரும்பி வயிற்றுக்கு வந்து நிற்குமே, அதுதான். நூலில் முறுக்கு அதிகமாகிவிட்டால் அது பிரிந்துகொள்ளப் பார்க்கும், வட்டமாகப் பின்னுகிற மெஷினில் பின்னல் வரிசையே லேசாகச் சாய்ந்துதான் வரும், ரெண்டும் சேர்ந்து துணியைத் திருகிவிடும். புதிதாக இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கும்போது கடவுளாலேயே கண்டுபிடிக்க முடியாது. இவர் என்ன செய்கிறார் என்றால், லாட்டுக்கு ஒரு பீஸைத் துவைத்து, காயவைத்து, பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டிவிடுகிறார். கோணிக்கொண்டு தொங்குகிறது. பார், இப்படித்தான் ஆகும், வேண்டுமானால் எடு என்கிற மாதிரி. 60 ரூபாய். ராத்திரி போட்டுக்கொள்ள எனக்கு ரெண்டு எடுத்தேன், தூக்கத்தில் தையல் எங்கே இருந்தால் என்ன.

மொட்டை, 140 ரூபாய். கழுத்து லேபிளை வெட்டி எடுத்தது. பிராண்ட்காரர்கள் தங்கள் பெயர் தெருவில் விற்கக் கூடாது என்பார்கள், அதனால் லேபிள் போய்விடும், துணி மட்டும் வரும். மொட்டைக் கடிதாசி என்கிறோமே, அனுப்பியவர் பெயர் இல்லாதது, அதே மொட்டைதான். தரத்தில் ஒரு குறையும் இல்லை, சுத்தத்தைவிட விலை குறைவு, என் கணக்கில் கடையிலேயே நல்ல பேரம் இதுதான். ஆனால் லேபிளோடு சைஸும் போய்விடுகிறது, அதுதான் தொல்லை. குழந்தைகள் துணியில் ஐரோப்பிய சைஸ் உயரக் கணக்கில் இருக்கும், 116 என்றால் ஆறு வயது, 128 என்றால் எட்டு வயது என்று ஒரு கணக்கு. வெட்டியபின் எது எது என்று டேப் வைத்து மார்பளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நான் மூன்று எடுத்து அதில் ஒன்று சேரவில்லை, அக்கா பையனுக்குப் போய்விட்டது.

சுத்தம் 180 ரூபாய், இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது, ரெண்டு எடுத்தேன். ஆனால் அந்தப் பெட்டியில்தான் ஒரு வழக்கு வந்தது. துணி முழுக்க அங்கங்கே நூல் தடித்தும் மெலிந்தும் ஓடுகிற சாம்பல் நிற டீசர்ட் ஒன்று அதில் இருந்தது. "இதுல இத்தனை தடிப்பு இருக்கே, ஒரே ஒரு தடிப்பு இருக்கறத மச்சத்துல போட்டுட்டு இதை எப்படி சுத்தத்துல போட்டீங்க?" என்று என் பெண் கேட்டுவிட்டாள். பத்தாவது படிக்கிறாள், எதையும் விட மாட்டாள். அவர் கோபப்படவில்லை. "ஆர்டர் சீட்டுல எழுதியிருந்தா டிசைனு கண்ணு, எழுதாம வந்தா டேமேஜு." அவ்வளவுதான். அது ஸ்லப் நூல், வேண்டுமென்றே தடித்து மெலிந்து வரும்படி நூற்பது. ஒரு காலத்தில் நூற்பாலையில் ஸ்லப் என்றால் குற்றம், இன்றைக்கு அதே பெயரைப் போட்டு விலையைக் கூட்டி விற்கிறார்கள். ரெண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று அந்த ரெண்டு டீசர்ட்டையும் கையில் வைத்துப் பார்த்தால் விநோதமாகத்தான் இருந்தது. நூறு தடிப்பு உள்ளது 180, ஒரே தடிப்பு உள்ளது 90.

மெட்ராஸ் செக் கதை ஞாபகம் வந்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன கைத்தறிக் கட்டம் போட்ட துணி, துவைத்தால் சாயம் இறங்கும், குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும், அந்தக் குறிப்பு வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, துவைத்ததும் கட்டம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது என்று புகார் மேல் புகார். அதற்கு அங்கே விற்றவர்கள் செய்தது என்ன தெரியுமா, சாயம் இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்றே விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு துவைப்புக்கும் புது நிறம்! ரிஜெக்ட் பெட்டிக்குப் போக வேண்டியது ஃபேஷன் ஆகிவிட்டது. சாயம் போவதை நம் ஊரில் அப்படி விற்றுப்பார்க்கச் சொல்லுங்கள், கடையையே கழுவி ஊற்றுவார்கள்.

வீட்டுக்கு வரும்போது ரயிலில் என் பெண் ஒன்று சொன்னாள், அதை எழுதாமல் விட மனசு வரவில்லை. அவர்கள் பாடத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று வருகிறது. இலக்கணம் பிசகாமல் இருந்தால் வழாநிலை, பிசகினால் வழு, பிசகினாலும் ஒரு காரணத்துக்காகப் பரவாயில்லை என்று விட்டுவிட்டால் வழுவமைதி. மாட்டைப் பார்த்து ஆசையாக "என் அம்மை வந்தாள்" என்று சொன்னால் திணை தப்புதான், ஆனால் பாசத்தில் சொன்னது, போகட்டும். "நாளைக்கு வர்றாருன்னு நாம சொல்றதே காலம் தப்புதான்மா, வருவாருன்னுதான் சொல்லணும், அதுவும் வழுவமைதி. அந்தத் தாத்தா மச்சம்னு எழுதி வெச்சிருக்கறதும் அதான்" என்றாள். நான் செக்கிங்கில் இருந்த மூன்று வருஷமும் செய்தது இதுதானே என்று அப்போதுதான் உறைத்தது. ஏக்யூஎல் என்று, எத்தனை குறை வரை ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்லும் ஒரு அட்டவணை சுவரில் ஒட்டியிருப்பார்கள். மூவாயிரம் பீஸ் லாட் என்றால் கலந்து 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், 2.5 என்ற அளவுக்கு அதில் ஏழு பீஸ் வரை பெரிய குறை இருந்தால் லாட் பாஸ், எட்டாவது ஒன்று வந்தால் மூவாயிரமும் ஃபெயில். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் தளவாடம் வாங்க வைத்திருந்த முறையிலிருந்து வளர்ந்தது அது, இன்றைக்கு ஜட்டி பனியன் வரைக்கும் வந்துவிட்டது. ஏழு வரை வழுவமைதி, எட்டு என்றால் வழு. அந்த எட்டாவது பீஸைக் கண்டுபிடித்தவள் நானாக இருந்து, ஃப்ளோர் முழுக்க ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ரீசெக்கிங் நடந்து, தையலுக்கு உதவியாக நிற்கும் கைமடிப் பெண்கள் எல்லாரும் என்னை முறைத்தது தனிக்கதை.

இன்னொரு அட்டவணைப் பேச்சும் உண்டு. குறையிலேயே மூன்று ஜாதி: மைனர், மேஜர், கிரிட்டிக்கல். பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் மைனர். முன்பக்கம் ஓட்டை என்றால் மேஜர். துணிக்குள் ஊசித்துண்டு மாட்டியிருந்தாலோ குழந்தைச் சட்டையில் பட்டன் கழன்று வாய்க்குப் போகிற மாதிரி இருந்தாலோ கிரிட்டிக்கல், அதற்கு மட்டும் சலுகையே கிடையாது, ஒன்று கிடைத்தாலும் முடிந்தது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள், தரையில் மண்டியிட்டுக் காந்தத்தால் தேடிய நாட்கள் உண்டு. அதனால் மைனர் என்ற சொல்லுக்கு என் காதில் ஒரு அளவு இருக்கிறது.

போன வருஷம் ஆன்லைனில் ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், "மைனர் குறைகள் இருக்கலாம்" என்று ஒரே வரி போட்டு ஐந்து டீசர்ட் கூட்டாக விற்றார்கள். நம்பி வாங்கினேன். ஒன்றில் இடது கை வலது கையைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. ஒன்றில் துணி பின்னும் மெஷினின் ஊசி வளைந்து கழுத்திலிருந்து இடுப்பு வரை கோடு, பின்னல் விட்டுப்போய் நடுவில் ஓட்டை ஆரம்பித்திருந்தது. படம் எடுத்து அனுப்பினால், மேடம் இது மைனர்தான், ஏற்கெனவே குறிப்பிட்டிருக்கிறோம், தள்ளுபடி விலைப் பொருளுக்குத் திரும்பப் பெறும் வசதி இல்லை என்று பதில். தள்ளுபடி! கோர்ட்டில் மனு தள்ளுபடி என்றால் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று அர்த்தம், ஆடித் தள்ளுபடி என்றால் ஓடி வா வாங்கிக்கோ என்று அர்த்தம். அன்றைக்கு என் புகாருக்கு ரெண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் கிடைத்தது.

அந்தக் கடுப்பில்தான் இந்தக் கடையைத் தேடிப் போனேன் என்பதால் என் பாராட்டில் கொஞ்சம் மிகை இருக்கலாம். நொட்டை சொல்ல இங்கேயும் இருக்கிறது.

முதலாவது, ஓட்டை பெட்டி. அதில் ரெண்டு வகையைக் கலந்து போட்டிருக்கிறார். பிசிறு வெட்டும்போது கத்தரி பட்டு விழுந்த ஓட்டை ஒன்று, அதை ரெண்டு தையல் போட்டு நிறுத்திவிடலாம். பின்னலில் ஒரு கண் விட்டுப்போன ஓட்டை இன்னொன்று, அது ஏணி மாதிரி மேலே ஏறிக்கொண்டே போகும், நிறுத்த முடியாது. ரெண்டுக்கும் ஒரே சொல் என்றால் இவரும் டேமேஜ் என்று எழுதின மாதிரிதானே. சொன்னேன். "அது கிலோ கணக்குல ஒர்க்‌ஷாப்காரங்க வாங்கறதுங்க அம்மிணி, மெஷின் தொடைக்க" என்றார். சரி, அப்படியானால் போடுகிற துணிகளோடு ஏன் வைக்க வேண்டும்?

ரெண்டாவது, மெலிசுக்கு அட்டை இல்லை. துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள், ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று. கம்பெனியில் வட்டமாக ஒரு கட்டர் வைத்து 100 சதுர சென்டிமீட்டர் வில்லையை வெட்டி எடுத்து எடை போடுவார்கள், 1.8 கிராம் என்றால் அது 180 ஜிஎஸ்எம். 180 கேட்ட இடத்தில் 160 வந்து நின்றால் அதுவும் ரிஜெக்ட்தான், ஆனால் அம்பு ஒட்ட முடியாது, ஏனென்றால் குறை எல்லா இடத்திலும் இருக்கிறது. இந்த மாதிரி துணி சுத்தம் பெட்டியில் ரெண்டு மூன்று கண்ணில் பட்டது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் என் கைவிரல் தெரிந்தது. மெலிசு என்று ஒரு அட்டை எழுதி வையுங்கள் என்றால், "தொட்டுப் பாத்தா தெரியுமுங்களே" என்கிறார். எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். போட்டுப் பார்க்க இடம் கிடையாது. ஒரே ஒரு ஃபேன், அதுவும் அவர் தலைக்கு மேல். பின்பக்கம் கோடவுன் வாடை அடிக்கிறது, வாங்கியதை ஒரு தடவை அலசாமல் போடாதீர்கள். சாயம் போகுமா என்று பார்க்க ஈரக் கைக்குட்டையால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், எனக்குக் குடத்திலிருந்து தண்ணீர் அவரே ஊற்றிக் கொடுத்தார். காலையில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் மொத்த வியாபாரிகள் வந்து மச்சம் பெட்டியை அப்படியே கவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பேரம் பேசினால் குறைக்க மாட்டார், ஆனால் "வேறென்ன குறை இருக்குது, சொல்லுங்க, கொறச்சுக்கலாம்" என்பார், அவர் சொல்லாத ஒரு குறையை நாம் கண்டுபிடித்துக் காட்டினால் பத்து ரூபாய் கழிவு. என் பெண் இந்த விளையாட்டில் இறங்கி ஒரு பீஸில் கீழ்மடிப்புத் தையல் ரெண்டு இடத்தில் விட்டிருப்பதைக் காட்டினாள், நான் வாங்கப்போவதே இல்லாத ஒரு பீஸில். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காதிலிருந்த பேனாவை எடுத்து சீட்டில் விலையை அடித்துத் திருத்தி மச்சம் பெட்டிக்கு மாற்றிப் போட்டார்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். மெலிசு அட்டை வந்தால் நாலரை.

மொத்தம் பதின்மூன்று பீஸ், அக்கா பையனுக்குப் போனது போக மற்றது ரெண்டு வாரமாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. மச்சத்தில் எடுத்த கருநீலத்தை என் வீட்டுக்காரர் ஆபீசுக்கே போட்டுக்கொண்டு போகிறார், வெள்ளைக் கீற்று இடுப்புக்குள் போய்விடுகிறது. இன்னொரு மச்சம், பச்சை நிறம், அதில்தான் சிக்கல். வலது தோளுக்குக் கீழே அம்பு ஒட்டியிருந்தது, அவசரத்தில் பார்க்காமல் எடுத்துவிட்டேன். வீட்டில் வெயிலில் பிடித்துப் பார்த்தேன், திருப்பிப் போட்டுப் பார்த்தேன், என் பெண் பார்த்தாள், மூன்று வருஷ செக்கிங் அனுபவத்தை எல்லாம் திரட்டி அந்த இடத்தை இழுத்து விரித்துப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. ரெண்டு தடவை துவைத்தும் ஆயிற்று. அம்பை மட்டும் இன்னும் பிய்க்கவில்லை.